ஸ்கோர் நோட்டோட கடைசி பக்கம்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்த பகுதியில போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், அமெரிக்காவுல பேஸ்பால் டீமுங்க ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் காசு சேர்த்து குடுக்குறாங்க, நம்ம ஊர் டோர்னமென்ட் நடத்துறவங்களும் அதை கொஞ்சம் கவனிக்கலாம்னு. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த தடவை நெறைய கேள்வி வந்திருக்கு, அதுலயும் பாதிக்கு மேல தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து. அதனால இந்த மாசம் வேற விஷயம் எதுவும் எடுக்கல, முழுக்க இதுதான்.

கேள்வி: காலேஜ் டீம்ல பேஸ்பால் ஆடுறேன் சார், எங்க ஊர்ல அது என்ன ஆட்டம்னே யாருக்கும் தெரியாது. அமெரிக்காவுல ஒரு ப்ரொஃபஷனல் டீம் உதவி பண்றாங்கன்னா முதலாளி செக் எழுதி குடுத்துட்டு போட்டோ எடுத்துக்கிறதா, இல்ல வேற முறை ஏதாவது இருக்கா? (உடற்கல்வி மாணவர், பாலக்கோடு)

செக்கும் உண்டு தம்பி, போட்டோவும் உண்டு, ஆனா அது சின்ன பங்குதான். மொதல்ல கணக்கை பாரு. அங்க பெரிய லீக்ல மொத்தம் 30 டீம், ஒவ்வொரு டீமும் ஒரு சீசனுக்கு 162 மேட்ச் ஆடுது, அதுல 81 சொந்த ஊர் கிரவுண்டுல. அதாவது ஏப்ரல் வாக்குல ஆரம்பிச்சு செப்டம்பர் முடியற வரைக்கும் ஒரே ஊரு, ஒரே கிரவுண்டு, ஆயிரக்கணக்கான சனம், 81 நாள். நம்ம ஊர்ல திருவிழா வருஷத்துக்கு ஒரு தடவை வருது, அதுக்கே எவ்ளோ வசூல் ஆகுதுன்னு உனக்கு தெரியும். 81 திருவிழா நடக்குற எடத்துல ஒரு உண்டியல் வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ.

அந்த உண்டியலை டீம் நேரா கையில வெச்சுக்கிறது இல்ல. டீம் பேர்ல தனியா ஒரு ஃபவுண்டேஷன் இருக்கும், நம்ம ஊர் டிரஸ்ட் மாதிரி, அதுக்கு தனி கணக்கு, தனி ஆட்கள். வரவு எவ்ளோ, செலவு எவ்ளோ, மேல இருக்குற ஆளுங்களுக்கு சம்பளம் எவ்ளோன்னு வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு ஒரு ஃபாரம் குடுக்கணும், அதை யார் வேணா எடுத்து பார்க்கலாம்.

காசு வர்ற வழிதான் சுவாரசியம். மேட்ச்ல அடிச்ச பந்து, போட்ட ஜெர்சி, ஒடைஞ்ச பேட் எல்லாத்தையும் ஏலம் விடுறாங்க, அது உண்மையிலேயே அந்த மேட்ச்ல இருந்ததுதானான்னு சந்தேகம் வரக்கூடாதுன்னு 2001-ல இருந்து ஒரு ஏற்பாடு பண்ணி ஒவ்வொரு மேட்ச்சுக்கும் போலீஸ் வேலை பார்த்த ஆள் மாதிரி ஒருத்தரை கிரவுண்டுலயே உக்கார வெச்சு, அவர் கண்ணு முன்னாடி வந்த பொருளுக்கு மட்டும் நம்பர் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. மே மாசம் அன்னையர் தினத்தன்னைக்கு 2006-ல இருந்து வீரருங்க பிங்க் கலர் பேட்ல ஆடுறாங்க, அந்த பேட்டுங்க ஏலத்துக்கு போயி மார்பக புற்றுநோய் காரியத்துக்கு காசு ஆகுது. ஒரு கட்டையில பிங்க் பெயின்ட் அடிக்கிறதுக்கு என்ன செலவு ஆகிடும், ஆனா அன்னைக்கு டிவி பார்க்குற அத்தனை வீட்டுலயும் அந்த பேச்சு வருது பாரு, அதுக்கு விலை போட முடியாது.

சேர்ந்த காசு எங்க போகுதுன்னா ஒவ்வொரு டீமும் ஒவ்வொரு மாதிரி. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஃபவுண்டேஷன் வசதி இல்லாத ஏரியாவுல பசங்களுக்கு கிரவுண்டு போட்டு குடுக்குது, 2003-ல இருந்து நடக்குற வேலை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஃபவுண்டேஷனும் அங்க இருக்குற ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் சேர்ந்து 2009-ல போர்ல இருந்து திரும்பி வந்த சிப்பாய்ங்களுக்கு மனநல சிகிச்சை குடுக்குற ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல கஷ்டப்பட்ட பகுதி பசங்களை திரும்ப ஆட்டத்துக்கு கொண்டு வரணும்னு 1989-ல ஒரு முன்னாள் வீரர் ஆரம்பிச்ச திட்டத்தை பின்னாடி லீக்கே எடுத்துக்கிச்சு.

கேள்வி: நான் நர்ஸா இருக்கேன். கேன்சர் வந்த குழந்தைங்களுக்கு ஒரு பேஸ்பால் டீம் ரொம்ப வருஷமா கூடவே நிக்குதுன்னு எங்க டாக்டர் சொன்னாரு. அந்த கதைய முழுசா சொல்ல முடியுமா? (வாசகி, கிருஷ்ணகிரி)

சொல்றேன் சிஸ்டர், இதை எழுதுறதுக்குத்தான் நானும் காத்துக்கிட்டு இருந்தேன்.

பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர். அந்த காலத்துல குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டா வாரக்கணக்கு, மிஞ்சிப்போனா மாசக்கணக்கு, அவ்ளோதான், மருந்துன்னு ஒண்ணு கிடையாது. ஃபார்பர் அமினோப்டெரின்னு ஒரு மருந்தை 16 குழந்தைங்களுக்கு குடுத்து பார்த்தாரு, 10 பேருக்கு நோய் கொஞ்ச காலத்துக்கு அடங்குச்சு, அதை 1948-ல எழுதி வெளியிட்டாரு. கொஞ்ச காலத்துக்குத்தான், திரும்ப வந்துடுச்சு, ஆனா அந்த நோயை மருந்தால அடக்க முடியும்னு உலகத்துக்கு தெரிஞ்சது அப்போதான்.

அந்த அமினோப்டெரின் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா சிஸ்டர், லெடர்லேன்னு ஒரு அமெரிக்க மருந்து கம்பெனி லேப்ல, அங்க ஆராய்ச்சிக்கு தலைமை தாங்கினவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்துல பொறந்து நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சிட்டு கப்பல் ஏறின மனுஷன். அதே 1948 ஆகஸ்ட்ல செத்துப்போயிட்டாரு, வயசு 53. நம்ம பக்கம் நூத்துல ஒருத்தருக்கு கூட அவர் பேர் தெரியாதுங்கிறது எனக்கு எப்பவுமே மனசுல உறுத்துற விஷயம்.

சரி, கதைக்கு வர்றேன். ஆராய்ச்சிக்கு காசு வேணும். மெய்ன் மாநிலத்துல நியூ ஸ்வீடன்னு ஒரு ஊரு, உருளைக்கிழங்கு போடுற ஊரு, நம்ம ஓசூர், தளி பக்கம் மாதிரின்னு வெச்சுக்கங்க. அங்க ஒரு விவசாயி வீட்டு பையன், 12 வயசு, பேரு ஐனார் குஸ்டாஃப்சன், கேன்சரோட ஃபார்பர்கிட்ட வந்து படுத்திருக்கான். பையன் பேர் வெளிய தெரிய வேணாம்னு ஜிம்மின்னு ஒரு பேரு வெச்சாங்க. 1948 மே 22 ராத்திரி நாடு பூரா கேக்குற ஒரு ரேடியோ நிகழ்ச்சியில, லாஸ் ஏஞ்சலஸ்ல உக்காந்துக்கிட்டு நிகழ்ச்சி நடத்துறவர், பாஸ்டன் ஆஸ்பத்திரி பெட்டுல இருக்குற ஜிம்மிகிட்ட பேசுறாரு, உனக்கு எந்த டீம் பிடிக்கும், பிரேவ்ஸ், அதுல யாரை பிடிக்கும்னு கேக்க கேக்க, பையன் பேர் சொல்ல சொல்ல, அந்த வீரருங்களே ஒவ்வொருத்தரா அவன் ரூமுக்குள்ள நொழைஞ்சு வர்றாங்க. பாஸ்டன் பிரேவ்ஸ் டீமே அவன் பெட்டை சுத்தி நிக்குது. பையனுக்கு மேட்ச் பார்க்க ஒரு டிவி வேணும், 20,000 டாலர் சேர்ந்தா வாங்கி தர்றோம்னு ரேடியோவுல சொல்றாங்க. அந்த ஒரு வருஷத்துல சேர்ந்தது 2 லட்சம் டாலருக்கு மேல. டிவியும் வந்துச்சு, ஜிம்மி ஃபண்டுன்னு ஒரு நிதியும் ஆரம்பிச்சுச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமா படுது. 1953-ல பிரேவ்ஸ் டீம் பாஸ்டனை விட்டே காலி பண்ணிட்டு மில்வாக்கி போயிடுச்சு. டீம் போனா உதவியும் போயிடும், அதுதானே எங்கேயும் வழக்கம். ஆனா அதே ஊர்ல இருந்த இன்னொரு டீம் ரெட் சாக்ஸ், அதாவது பிரேவ்ஸோட போட்டிக்கார டீம், அதை அப்பிடியே தன் கையில எடுத்துக்கிச்சு. இன்னைக்கு வரைக்கும் விடல, 70 வருஷம் தாண்டியாச்சு. அவங்களோட ஃபென்வே பார்க் கிரவுண்டுல பல வருஷம் விளம்பர போர்டே வைக்க விடாத முதலாளி ஜிம்மி ஃபண்ட் போர்டு ஒண்ணை மட்டும் வைக்க விட்டாரு. டெட் வில்லியம்ஸ்னு அவங்களோட பெரிய பேட்ஸ்மேன், பத்திரிகைக்காரங்களோட ஆகவே ஆகாது, ஆனா ஆஸ்பத்திரிக்கு போயி குழந்தைங்க பெட்டு பக்கத்துல உக்காந்துட்டு வருவாரு, ஒரே கண்டிஷன், நிருபர் ஒருத்தரும் கூட வரக்கூடாது.

பையன் என்ன ஆனான்னு கேப்பீங்க. அந்த காலத்து நெலமைக்கு செத்துட்டான்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. 50 வருஷம் கழிச்சு 1998-ல ஐனார் குஸ்டாஃப்சன் தான்தான் ஜிம்மின்னு வெளிய வந்தாரு, லாரி ஓட்டி, கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்து, 2001-லதான் காலமானாரு. இன்னைக்கு வசதியான நாடுகள்ல குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற ரத்தப் புற்றுநோய் வகையில பத்துல ஒம்போது குழந்தைங்க பிழைக்குறாங்க. உங்க வார்டுல அந்த அமினோப்டெரின் குடும்பத்துல வந்த மெத்தோட்ரெக்சேட் பாட்டிலை பார்க்குறப்போ சுப்பாராவையும், அந்த உருளைக்கிழங்கு ஊர் பையனையும் ஒரு நிமிஷம் நெனச்சுக்கங்க சிஸ்டர்.

கேள்வி: எல்லாம் விளம்பரம்தானே? வரி மிச்சம் பண்றதுக்கு பண்றாங்க, நம்ம ஊர் கம்பெனிங்க சிஎஸ்ஆர்னு பண்ற மாதிரி. (தொழிற்சாலை ஊழியர், ஓசூர்)

விளம்பரமும் இருக்கு அண்ணே, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா சிஎஸ்ஆர்ங்கிறது வேற. நம்ம நாட்டுல 2013 கம்பெனி சட்டம் 135-வது பிரிவு, 500 கோடி சொத்து மதிப்பு, இல்ல 1,000 கோடி விற்பனை, இல்ல 5 கோடி நிகர லாபம், இதுல ஒண்ணு இருந்தாலே அந்த கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூக காரியத்துக்கு செலவு பண்ணித்தான் ஆகணும். நீங்க வேலை பார்க்குற சிப்காட் ஏரியாவுல பெரிய கம்பெனி எல்லாத்துக்கும் இது பொருந்தும். கிராமப்புற விளையாட்டும் அந்த லிஸ்ட்ல இருக்கு, இது நெறைய பேருக்கு தெரியறதில்ல, உங்க ஊர் பசங்களுக்கு சொல்லி வைங்க. அமெரிக்காவுல அப்பிடி கட்டாயம் எதுவும் இல்ல, வரிச்சலுகை இருக்கு.

நீங்க கேட்டதுல இன்னும் பெரிய கேள்வி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அதையும் சொல்லிடறேன். அங்க நெறைய ஸ்டேடியம் மக்களோட வரிப்பணத்துல கட்டினது. ஸ்டேடியம் வந்தா ஊர் செழிக்கும்னு சொல்லித்தான் கேக்குறாங்க, ஆனா பொருளாதார ஆய்வாளருங்க ஆராய்ஞ்சு பார்த்து அந்த அளவுக்கு ஊருக்கு லாபம் வர்றதில்லன்னு திரும்ப திரும்ப சொல்லியிருக்காங்க. அதனால ஒரு டீம் ஊருக்கு என்ன குடுக்குதுன்னு பார்க்குறப்போ ஊர்கிட்ட இருந்து என்ன வாங்கிச்சுன்னும் பார்க்கணும். இந்த விஷயத்துல உங்க கோபம் நியாயம். ஆனா அந்த கோபத்துல ஜிம்மி ஃபண்டையும் சேர்த்து தள்ளிடாதீங்க. விளம்பரத்துக்குன்னு பண்றவன் ரெண்டு வருஷத்துல வேற விளம்பரம் தேடி போயிடுவான், 70 வருஷம் ஒரே ஆஸ்பத்திரி பக்கத்துல நிக்க மாட்டான்.

கேள்வி: அங்க ஸ்டேடியத்துல சீட்டு வித்து பாதி காசு ஜெயிச்சவருக்கு, பாதி தர்மத்துக்குன்னு நடத்துவாங்களாமே. எங்க ஊர் எருது விடும் விழாவுலயும் கபடி மேட்ச்லயும் அதை பண்ணலாம்னு கமிட்டியில பேசிக்கிட்டு இருக்கோம். (மாங்கூழ் வியாபாரி, பர்கூர்)

தயவு செஞ்சு பண்ணாதீங்க அண்ணே. அங்க அதுக்கு பேரு 50-50, மேட்ச் நடக்குறப்போ சீட்டு வித்து, ஆட்டம் முடியறதுக்குள்ள ஒரு நம்பரை அறிவிச்சு, சேர்ந்த காசுல பாதி அவருக்கு, பாதி டீம் ஃபவுண்டேஷனுக்கு. அங்க அந்தந்த மாநிலத்துல அனுமதி வாங்கி நடத்துறாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரிக்கு தடை போட்டாச்சு. நீங்க நல்ல காரியத்துக்குன்னு ஆரம்பிச்சாலும் காசு வாங்கிக்கிட்டு குலுக்கி பரிசு குடுக்குறது பிரச்சனையில கொண்டு போய் விட்டுடும். தடை வர்றதுக்கு முன்னாடி சுரண்டல் சீட்டு வாங்கியே குடும்பத்தை அழிச்சவங்களை நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நான் பார்த்திருக்கேன், அதனால சட்டம் இல்லன்னாலும் வேணாம்னுதான் சொல்லுவேன்.

ஏலம் இருக்கே, அது நம்ம ஊருக்கு புதுசா என்ன? கோயில் திருவிழாவுல சாமி மாலையை ஏலம் விடுறோம், எலுமிச்சம் பழத்தை ஏலம் விடுறோம், ஆயிரம் ஆயிரமா போகுது. ஃபைனல்ல ஜெயிச்ச டீம் கேப்டன் ஜெர்சி, மேன் ஆஃப் தி மேட்ச் பேட், இதை அதே மைக்ல ஏலம் விடுங்க. ஏலத்துக்கு முன்னாடியே இந்த காசு எதுக்கு போகுதுன்னு ஒரு வரியில சொல்லிடுங்க, "பொது காரியத்துக்கு"ன்னு மொட்டையா சொல்லாம "இந்த ஸ்கூல்ல கேர்ள்ஸ் டாய்லெட்டுக்கு தண்ணி மோட்டார்"னு சொல்லுங்க. மாங்கா சீசன்ல கையில காசு பொரளுற நேரமா பார்த்து மேட்ச் வைங்க, அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: ஒரு வீரரு தனி ஆளா என்ன பண்ண முடியும் அங்கிள்? (எட்டாம் வகுப்பு மாணவி, அரூர்)

பாப்பா, ரெண்டு பேரை சொல்றேன். ராபர்ட்டோ கிளெமென்டேன்னு ஒருத்தர், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் டீம்ல ஆடினாரு, போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். 1972 டிசம்பர் 23 நிகராகுவா நாட்டுல மானாகுவாங்கிற ஊர்ல பெரிய நிலநடுக்கம். இவரு சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்த்து ஃப்ளைட்ல அனுப்பினாரு. ஆனா பொருள் சனங்களுக்கு போய் சேரல, நடுவுல அதிகாரத்துல இருக்குறவங்க எடுத்துக்கிறாங்கன்னு தகவல் வந்துச்சு. நானே கூட வந்தா யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு டிசம்பர் 31 ராத்திரி அவரே ஏறிட்டாரு. அதிக லோடு ஏத்தின பழைய ஃப்ளைட், கிளம்பின கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துடுச்சு. அவருக்கு 38 வயசு, உடம்பு கூட கிடைக்கல. அந்த சீசன் கடைசியிலதான் 3,000-வது ஹிட் அடிச்சிருந்தாரு. இப்போ வருஷா வருஷம் 30 டீமும் ஊருக்கு நல்லது பண்ணின ஒரு வீரரை சொல்லும், அதுல ஒருத்தருக்கு கிளெமென்டே பேர்ல விருது, பேஸ்பால்ல அதை ரொம்ப பெரிய மரியாதையா நெனைக்குறாங்க.

இன்னொருத்தர் ஷோஹெய் ஓட்டானி, ஜப்பான்காரர், இப்போ ஆடிக்கிட்டு இருக்காரு. 2023-ல ஜப்பான்ல இருக்குற எல்லா ஆரம்ப பள்ளிக்கும், சுமார் 20,000 ஸ்கூல், சுமார் 60,000 கிளவுஸ் குடுக்குறேன்னு அறிவிச்சாரு. ஒரு ஸ்கூலுக்கு மூணு, அதுல ஒண்ணு இடது கை பழக்கம் இருக்குற பசங்களுக்கு. நான் அந்த மூணாவது கிளவுஸைத்தான் ரொம்ப நேரம் யோசிச்சேன், உன் கிளாஸ்ல இடது கையில எழுதுற பிள்ளை யாராவது இருந்தா அதுகிட்ட கேளு, அதுக்கு புரியும்.

கேள்வி: எங்க ஸ்கூல் பசங்க கபடியில மாவட்ட அளவுக்கு போயிருக்காங்க. ஆனா குரூப் போட்டோன்னா வாயை இறுக்கி மூடிக்கிறாங்க, பல்லுல கறை. தண்ணி பிரச்சனைதான். ஒரு விளையாட்டு டீம் இதுல என்ன செய்ய முடியும்? (ஆசிரியை, பென்னாகரம்)

டீச்சர், உங்க லெட்டரை ரெண்டு நாள் பையிலயே வெச்சிருந்தேன். சில வருஷம் முன்னாடி உங்க பக்கத்துல ஒரு ஸ்கூல் மேட்ச்சுக்கு நான் அம்பயரா வந்தேன், கப் வாங்கின பசங்களை "சிரிங்கடா"ன்னு போட்டோகிராபர் சொல்றாரு, பதினோரு பையனுங்கள்ல ஒருத்தன் சிரிக்கிறான், மத்தவன் எல்லாம் உதட்டை மூடிக்கிட்டு நிக்குறான். கேப்டன் பையன் கப்பை கொஞ்சம் மேல தூக்கி வாய்கிட்ட கொண்டு வந்து மறைச்சுக்கிட்டான். ஜெயிச்ச டீம் அது.

விஷயம் உங்களுக்கு தெரிஞ்சதுதான், மத்த வாசகருங்களுக்காக சொல்றேன். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பாறைக்குள்ள இருந்து வர்ற போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. ஒரு லிட்டர்ல 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே இல்லன்னா 1.5, அதுக்கு மேல போகக்கூடாது. சின்ன வயசுல, பல்லு உள்ள உருவாகிக்கிட்டு இருக்குற நேரத்துல, அதாவது சுமார் எட்டு வயசு வரைக்கும் அந்த தண்ணிய குடிச்சாதான் கறை விழும், விழுந்தா தானா போகாது, பிரஷ் பண்ணினாலும் போகாது. வருஷக்கணக்கா குடிச்சா எலும்பு, மூட்டுன்னு போகுது. இதுக்காகத்தான் ஜப்பான் கடன் உதவியில 1,928 கோடி ரூபா செலவுல ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டம் வந்துச்சு, 2013-ல தொடங்கி வெச்சாங்க. காவிரி தண்ணி வர்ற ஊர்லயும் அது வராத நாள்ல சனம் போர் தண்ணியத்தான் புடிக்குது, அங்கதான் பிரச்சனை திரும்ப வருது.

இப்போ டீமுக்கு வர்றேன். அதே ஜப்பான்ல 1995 ஜனவரி 17 கோபே ஊர்ல நிலநடுக்கம், 6,000 பேருக்கு மேல செத்தாங்க. அந்த ஊர் டீம் ஓரிக்ஸ் புளூவேவ், இச்சிரோன்னு பெரிய பேட்ஸ்மேன் ஆடின டீம், வேற ஊருக்கு மேட்ச்சை மாத்தாம கோபேலயே ஆடினாங்க, சட்டை கையில "கோபே, விடாம நிப்போம்"ங்கிற அர்த்தத்துல ரெண்டு வார்த்தை. அந்த வருஷமே லீக்ல ஃபர்ஸ்ட் வந்தாங்க, அடுத்த வருஷம் ஜப்பான் சீரிஸே ஜெயிச்சாங்க. சட்டை கையில ரெண்டு வார்த்தை வீடு கட்டி குடுக்காதுதான், ஆனா அந்த ஊர் சனம் இன்னைக்கும் அதை சொல்லுறாங்க.

உங்க கபடி பசங்க ஜெர்சி கையில ஒரு வரி போடுங்க டீச்சர்: "கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது". ஏன் இந்த வரின்னா நம்ம வீட்டுல பாதி பேர் குழந்தைக்கு தண்ணிய காய்ச்சி குடுத்துட்டா போதும்னு நம்புறாங்க. காய்ச்சினா கிருமிதான் சாகும், தண்ணி வத்த வத்த ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும். இந்த ஒரு வரி டோர்னமென்ட் டோர்னமென்டா ஊர் சுத்தி வந்தா அங்கன்வாடி போற குழந்தையோட அம்மா ஒருத்தியாவது நின்னு கேப்பா, அப்போ பசங்களே சொல்லட்டும், குடிக்கவும் சமைக்கவும் குழாய்ல வர்ற ஒகேனக்கல் தண்ணி, அது இல்லன்னா ஆர்ஓ தண்ணி, போர் தண்ணி துணி தொவைக்க மட்டும்னு. அடுத்தது, மேட்ச் நடக்குற ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பாட்டில் போர் தண்ணி புடிச்சு எந்த போர்னு எழுதி ஒட்டி குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட லேப்ல குடுத்து ரிசல்ட் வாங்கி அந்த ஊர் டேங்க்கிட்டயே எழுதி வைக்கலாம், இது ஒரு பி.இ.டி மாஸ்டரும் நாலு பசங்களும் பண்ணக்கூடிய வேலை. கறை விழுந்த பல்லுக்கும் பல் டாக்டருங்ககிட்ட வழி இருக்கு, லேசான கறையை சரி பண்ணிடலாம், பக்கத்துல இருக்குற அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுல மொதல்ல காட்டுங்க. ஏலத்துல வர்ற காசு, சிஎஸ்ஆர்ல கிடைக்கிற காசு எதுவா இருந்தாலும் இந்த ஒரே காரியத்துக்கு வெச்சுக்கங்க, ஒரு வருஷம் பல்லு, அடுத்த வருஷம் மரக்கன்னு, அதுக்கடுத்து ஹெல்மெட்டுன்னு மாத்தாதீங்க. இப்போ மூணு வயசு ஆகுற குழந்தைக்கு எட்டு வயசு ஆகுற வரைக்கும், அஞ்சு வருஷமாவது இதையே புடிச்சுக்கணும்.

கேள்வி: டோர்னமென்ட் வெச்சு ஒருத்தருக்கு உதவினோம், அடுத்த தடவை யாரும் காசு குடுக்கல. எங்க தப்பு பண்ணினோம்? (கிரிக்கெட் டீம் கேப்டன், காவேரிப்பட்டணம்)

எங்க டீமுக்கும் இதேதான் நடந்துச்சு தம்பி. பைக் ஆக்சிடென்ட்ல கால் ஒடைஞ்ச ஒரு பையனுக்காக டென்னிஸ் பால் டோர்னமென்ட் வெச்சோம், என்ட்ரி ஃபீஸ், கடைக்காரங்க உபயம், கிரவுண்டுல துண்டு ஏந்தி வசூல், நல்லாவே சேர்ந்துச்சு. கணக்கு பார்த்தவர் எங்களுக்கு மூத்தவர், குடுத்துட்டேன்னு சொன்னாரு, எவ்ளோன்னு கேக்க எங்களுக்கு கூச்சம். பையன் வீட்டுல எவ்ளோ வாங்கினாங்கன்னு கேக்க அதைவிட கூச்சம். அடுத்த வருஷம் நோட்டீஸ் எடுத்துக்கிட்டு போனா பேக்கரிக்காரர் நிமிர்ந்து கூட பார்க்கல. அவர் மேல தப்பு சொல்ல முடியுமா?

மூணு வருஷம் கழிச்சு திரும்ப ஆரம்பிச்சப்போ ஒரே ஒரு முடிவு எடுத்தோம். ஸ்கோர் எழுதுற நோட்டு இருக்கு இல்ல, அதோட கடைசி பக்கத்துல இருந்து பின்னாடியே வரவு செலவு எழுதுறது. 20 ரூபா குடுத்தவர் பேரும் அதுல இருக்கும், மைக் செட்டு வாடகையும் இருக்கும், பந்து டஜன் என்ன விலைன்னும் இருக்கும். ஜிபேயில வந்ததுன்னா அதுக்கு பக்கத்துல ஒரு டிக். ரெண்டு பேர் கையெழுத்து, அதுல ஒருத்தர் டீம்ல இல்லாதவர், எங்களுக்கு ரேஷன் கடை பக்கத்து டைலர். உதவி வாங்குன குடும்பத்துகிட்ட கேட்டு அவங்க சரின்னு சொன்னா மட்டும் தொகை போடுவோம், அவங்க பேர் போட மாட்டோம், அந்த ஜிம்மிக்கு பேர் மாத்தி வெச்ச மாதிரி. டிரஸ்ட் பதிவு, காசு குடுக்குறவங்களுக்கு வரிச்சலுகை தர்ற 80ஜி எல்லாம் வருஷா வருஷம் பெரிய தொகை வர ஆரம்பிச்ச அப்புறம் ஒரு ஆடிட்டரை பார்த்து பண்ணிக்கலாம், மொதல்ல நோட்டு.

ஃபைனல் முடிஞ்ச அடுத்த நாள் அந்த பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை செவுத்துல ஒட்டினோம். சாயங்காலம் ஒரு பெரியவர், ஆடு மேய்க்கிறவர், படிக்க தெரியாது, பேரன்கிட்ட தன் பேரை படிக்க சொல்லி கேட்டிருக்காரு. அப்புறம் நேரா எங்ககிட்ட வந்தாரு. "ஏம்ப்பா, எம்பேர்ல எரநூறுன்னு போட்டிருக்கீங்களாம், நான் குடுத்தது நூத்தம்பதுதான், மாத்திடுங்க"ன்னாரு. டீக்கடைக்காரர்கிட்ட பேனா வாங்கி அவர் முன்னாடியே அடிச்சு திருத்தினோம், மொத்தத்துலயும் 50 கொறைச்சோம், அந்த 50-ஐ எங்க விக்கெட் கீப்பர் பாக்கெட்ல இருந்து எடுத்து வெச்சான்.